இறுகிய நட்டும் நீண்ட குழாயும்



சென்ற திங்களில் நம்மால் ஒரு தவறு நேர்ந்துவிட்டது. 6 மில்லிமீட்டர் தடிமனுள்ள ஓர் இரும்புத் தண்டு அறுந்தது. அவ்வளவே. ஆயினும் அதனால் ஓர் ஏழைக் குடும்பத்தின் வருமானம் மூன்று நாள்கள் தடைப்பட்டது. அந்நிகழ்ச்சியையும், அதனால் நாம் கற்றுக்கொண்டதையும் இத்திங்கள் எழுதுகிறோம். வீட்டில் மோட்டார் சைக்கிள் வைத்திருப்போர்க்கும், அதைத் தாமே பழுதுபார்க்க முனையும் இளைஞர்க்கும் இது பயன்படக்கூடும்.

நம் ஊரில் மீன் வியாபாரி ஒருவர் இருக்கிறார். வைகறையில் கடற்கரை ஏலத்தில் மீன் எடுத்து, பனிக்கட்டிப் பெட்டியில் அடுக்கி, வண்டியின் பின்னே கட்டிக்கொண்டு, கடலோரம் விட்டு உள்ளே தள்ளியுள்ள கிராமங்களுக்குச் சென்று விற்பவர். பதினான்கு ஆண்டுகள் உழைத்த நூறு சி.சி. வண்டி அது. அதன் சைலன்சர் குழாய் துருவால் அரிக்கப்பட்டு ஓட்டை விழுந்துவிட்டது. புதிய சைலன்சர் ஒன்றை வாங்கி வைத்திருந்தார். பிளஸ் டூ முடித்திருந்த அவர் மகன், மாட்டுக்கூலி மிச்சமாகட்டும் என்று எண்ணி, ஒரு ஞாயிறு பிற்பகலில் நம் இல்லத்து வேப்பமர நிழலில் வண்டியைக் கொண்டுவந்து நிறுத்தினான்.

எஞ்சினின் தலைப்பாகத்தில் சைலன்சர் குழாயைப் பிடித்திருப்பவை இரண்டே நட்டுகள். அலுமினியத் தலையில் பதிந்து வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் இரண்டு மறைத்தண்டுகளில் அவை முடுக்கப்பட்டிருக்கும். பையன் பத்தாம் நம்பர் ஸ்பேனரை மாட்டி இழுத்தான், அசையவில்லை. காலால் மிதித்தான், அசையவில்லை. வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்த நமக்குப் பொறுமை போய்விட்டது. தோட்டத்தில் கிடந்த அரை மீட்டர் நீளமுள்ள இரும்புக் குழாய்த் துண்டை எடுத்துவந்து, “இதை ஸ்பேனரில் சொருகி இழு தம்பி” என்றோம்.

பையன் இழுத்தான். ‘டக்’ என்றொரு ஓசை கேட்டது. “கழண்டுட்டு சாமி!” என்று அவன் மகிழ்ச்சியோடு கூவினான். நாமும் மகிழ்ந்தோம். ஸ்பேனரை எடுத்துப் பார்த்தபோதுதான் உண்மை தெரிந்தது. நட்டு வந்திருந்தது, அதன் வயிற்றுக்குள் பாதித் தண்டும் அறுந்து வந்திருந்தது. மீதிப் பாதி எஞ்சின் தலையில் மூன்று மில்லிமீட்டர் மட்டும் எட்டிப்பார்த்துக்கொண்டிருந்தது.

மறுநாள் காலையில் வண்டியைத் தள்ளிக்கொண்டு கடைத்தெருவிலுள்ள பாய் ஒருவரின் பட்டறைக்குப் போனோம். நாற்பது ஆண்டுகளாக வண்டிகளோடு பழகியவர் அவர். குனிந்து பார்த்தார், நம்மை நிமிர்ந்து பார்த்தார். “எவ்வளவு நீளம் பைப் போட்டீங்க சாமி?” என்று மட்டும் கேட்டார். சொன்னோம். “புதன்கிழமை சாயந்தரம் வாங்க” என்றார். அந்த மூன்று நாள்களும் மீன் வியாபாரி ஒரு பழைய சைக்கிளில் சிறு பெட்டியைக் கட்டிக்கொண்டு, பக்கத்து இரண்டு ஊர்களோடு திரும்பினார். வெயில் ஏறுமுன் போய்ச் சேர வேண்டிய தொழில் அது. சைக்கிள் எவ்வளவு தூரம் போகும்?

நிற்க. பட்டறையில் அந்த மூன்று நாள்களும் நாம் போய் உட்கார்ந்து கற்றவற்றை இனிச் சொல்வோம்.

நட்டு இறுகிக்கொண்டால் ‘வலிமை போதவில்லை’ என்று நாம் எண்ணுகிறோம். “பலத்துக்கெல்லாம் அது பயப்படாது சாமி. எது புடிச்சிருக்குன்னு முதல்ல பார்க்கணும்” என்றார் பாய். இதுவே அவர் சொன்னவற்றுள் தலையாயது. பிடித்திருப்பது இன்னதென்று அறிந்தால் மருந்து தானே தெரியும்.

முதலாவது, போல்ட் என்பது எப்படிப் பிடிக்கிறது என்பதை அறிய வேண்டும். முடுக்கும்போது அது கண்ணுக்குத் தெரியாத அளவு நீள்கிறது. நீண்டது மீண்டும் சுருங்க முயல்கிறது. அந்த இழுப்பே இரு பாகங்களையும் சேர்த்துப் பிடிக்கிறது. ஆனால் நாம் முடுக்கும் முயற்சியை நூறு பங்காகக் கொண்டால், ஏறத்தாழ ஐம்பது பங்கு தலையின் அடியிலுள்ள உராய்விலும், நாற்பது பங்கு மறைகளின் உராய்விலும் செலவாகிவிடுகிறது. பத்துப் பங்கே உண்மையான பிடிப்பாகிறது. எனவே கழற்றும்போதும் நாம் எதிர்த்துப் போராடுவது பெரும்பாலும் உராய்வை. உராய்வைத் தணிக்காமல் இழுப்பைக் கூட்டினால் தண்டு முறுகி அறும். 6 மில்லிமீட்டர் போல்ட் ஒன்றை முடுக்க ஏறத்தாழ 10 நியூட்டன்-மீட்டர் முறுக்கு போதும். அதாவது ஒரு சாண் நீளமுள்ள ஸ்பேனரின் முனையில் ஐந்து கிலோ எடையைத் தொங்கவிடுவது போன்றது. ஏறக்குறைய இருமடங்கானால் அது அறுந்துவிடும். அரை மீட்டர்க் குழாயின் முனையில் இருபது கிலோ அளவுக்கு இழுத்தால் பத்து மடங்காகிறது! நாம் செய்தது இதுதான்.

இரண்டாவது, துரு. இரும்பு துருவாகும்போது முன்பு தான் இருந்த இடத்தைப்போல் இரண்டு மடங்குக்கும் மேலான இடத்தை அடைத்துக்கொள்கிறது. மறைகளுக்கிடையே இருப்பதோ மயிரிழை இடைவெளி. அதற்குள் துரு வீங்கினால் ஆப்பு அறைந்ததுபோல் ஆகிவிடுகிறது. உப்பு இதை விரைவுபடுத்தும். கடற்காற்றும், மீன்பெட்டியிலிருந்து நாள்தோறும் சொட்டும் உப்புநீரும் சேர்ந்தால் கேட்கவும் வேண்டுமா? போதாக்குறைக்கு, சைலன்சர் நட்டுகள் ஒவ்வொரு நாளும் கொதிக்கச் சூடேறி ஆறுகின்றன.

மூன்றாவது, இரும்பும் அலுமினியமும் சேருமிடம். இவ்விரு உலோகங்களும் உப்புநீரில் தொட்டுக்கொண்டிருந்தால் அங்கே ஒரு சிறு மின்கலம் உண்டாகிறது. அதில் அரிபடுவது அலுமினியம். எஞ்சின் மூடியிலுள்ள திருகாணிகளைச் சுற்றி வெண்பொடி பூத்திருப்பதை நாம் கண்டிருப்போம். அந்தப் பொடியும் வீங்கி இறுக்கும்.

நான்காவது, வேண்டுமென்றே இட்ட பசை. சில திருகாணிகள் அதிர்வில் கழன்றுவிடாதிருக்க மறையில் ஒருவகைப் பசை இடுவார்கள். காற்றுப் படாத இடத்தில் மட்டும் இறுகும் இந்தப் பசையை 1953ஆம் ஆண்டில் அமெரிக்க வேதியியல் பேராசிரியர் வெர்னன் கிரீபிள் உருவாக்கினார். நீலநிறப் பசை சாதாரணக் கருவிக்கு விட்டுக்கொடுக்கும். சிவப்புப் பசையோ நன்கு சூடேற்றினாலன்றி விடாது. அங்கே எண்ணெய் ஊற்றிக் காத்திருப்பது வீண்.

இனி, பாய் இரண்டாவது நட்டை எப்படிக் கழற்றினார் என்பதைக் கேளுங்கள். நாம் அறுத்தது ஒன்று. நற்பேறாக மற்றொன்று தப்பியிருந்தது.

திங்களன்று அவர் ஸ்பேனரைத் தொடவே இல்லை. கம்பித் தூரிகையால், வெளியே தெரிந்த மறையைத் துருப்போகத் தேய்த்தார். நட்டு கடந்து வரவேண்டிய வழி அதுவன்றோ? பிறகு எண்ணெய் விட்டார். மண்ணெண்ணெயும் டீசலும் கலந்ததே அவருடைய மருந்து. கடைகளில் தெளிப்பான் குப்பியில் கிடைக்கும் எண்ணெய்களும் உண்டு. அவற்றுள் பலரும் அறிந்த டபிள்யூ.டி-40, 1953ஆம் ஆண்டில் அமெரிக்காவின் சான் டியேகோ நகரில், ஈரத்தை விலக்கித் துருவைத் தடுப்பதற்காக உருவாக்கப்பட்டது. நாற்பதாவது முயற்சியில் கைகூடியதால் அப்பெயர் வந்தது. இறுகிய மறைக்குள் ஊடுருவுவதற்கென்றே செய்யப்பட்ட எண்ணெய்கள் தனியே விற்கின்றன; அவையே இதற்கு ஏற்றவை. எதுவாயினும், விளக்குத்திரியில் எண்ணெய் ஏறுவதுபோல் அது மெல்ல மெல்லத்தான் மறைக்குள் ஏறும். ஊற்றிய மறுநிமிடமே இழுப்பவன் எண்ணெயையும் வீணாக்குகிறான், நட்டையும் கெடுக்கிறான். காலையும் மாலையும் இரண்டு இரண்டு சொட்டு. இரவு முழுதும் ஓய்வு. ஆனால் பிரேக் பாகங்களின் அருகில் எண்ணெய் விடலாகாது; டயரிலும் படலாகாது. அது உயிருக்கே ஆபத்து.

செவ்வாயன்று தட்டினார். ஓங்கி அடிக்கவில்லை. நட்டின் பட்டைகளில் ஒரு பித்தளைத் துண்டை வைத்து, சிறு சுத்தியலால் சுற்றிலும் தட்டினார். அந்த அதிர்வில் துரு விரிசல் விடும். விரிசல் வழியே எண்ணெய் இறங்கும். தட்டிவிட்டு மீண்டும் எண்ணெய் விட்டு, வேறு வேலை பார்க்கப் போய்விட்டார்.

புதனன்று சூடேற்றினார். அதற்குமுன் பெட்ரோல் டாங்கியைக் கழற்றித் தொலைவில் வைத்தார். பேட்டரி இணைப்பைப் பிரித்தார். எண்ணெய்ப் பசையெல்லாம் துடைத்தார். இம்மூன்றையும் செய்யாமல் எவரும் தீயை அருகில் கொண்டுபோகலாகாது. ரப்பர் சீல்களுக்கும் மின்கம்பிகளுக்கும் பக்கத்தில் சூடு ஆகவே ஆகாது. அவர் தீநாக்கை நட்டின்மீது மட்டும் காட்டினார். நட்டு முதலில் சூடாகித் தண்டைவிடச் சற்றே விரியும். உள்ளேயிருக்கும் துருவின் பிடி உடையும். அலுமினியத்திற்குள் இறுகிய இரும்புத் திருகாணியாக இருந்தால், சுற்றியுள்ள அலுமினியத்தைச் சூடேற்ற வேண்டும். ஒரு மீட்டர் நீளமுள்ள இரும்புக் கம்பி 100 டிகிரி சூடேறினால் 1.2 மில்லிமீட்டர் நீளும், அலுமினியமோ 2.3 மில்லிமீட்டர் நீளும். ஆகவே அலுமினியம் விலகி, இரும்புக்கு வழிவிடும். சிறிய திருகாணிகளுக்குத் தீயும் வேண்டாம். கொதிக்கும் வெந்நீரோ, சூடான சால்டரிங் இரும்போ போதும்.

பிறகு நம்மைப் பார்த்து, “ஒரு மெழுகுவத்தித் துண்டு கிடைக்குமா சாமி? உங்க வீட்டுல அதுக்குப் பஞ்சம் இருக்காதே” என்றார். எரிந்து மிஞ்சிய துண்டு ஒன்றைக் கொண்டுவரச் செய்தோம். சிவப்பு தணிந்து, இன்னும் சூடாயிருந்த நட்டின் ஓரத்தில் அதைத் தொட்டார். மெழுகு உருகி மறைக்குள் மறைந்தது! எண்ணெய் எட்டாத இடத்திற்கும் உருகிய மெழுகு ஓடிவிடுமாம். நட்டு செஞ்சூடாக இருக்கும்போது தொட்டால் மெழுகு தீப்பற்றும். அதனால் பொறுத்துத்தான் தொட வேண்டும்.

அதன்பின்பே ஸ்பேனரை எடுத்தார். திறந்த வாய் ஸ்பேனரன்று. ஆறு மூலைகளையும் அணைத்துப் பிடிக்கும் பாக்ஸ் ஸ்பேனர். துருவில் அளவு குறைந்த நட்டிற்குப் பன்னிரண்டு முனை ரிங் ஸ்பேனர் வழுக்கும். மூலைகள் உருண்டுவிட்டால் பிறகு பிடிக்க இடமிராது. ஓட்டையான அளவுள்ள ஸ்பேனரை மாட்டுவதும் அவ்வாறே கேடு. முதலில் அவர் கழற்றும் பக்கம் திருப்பவில்லை; முடுக்கும் பக்கம் ஒரு மயிரிழை அசைத்தார்! ‘கிறீச்’ என்றது. “இப்ப விட்டுட்டு” என்றார். பின் கழற்றும் பக்கம் கால் சுற்று, எண்ணெய், மீண்டும் உள்ளே கொஞ்சம், மீண்டும் வெளியே கூடுதலாக. உடைந்த துருப்பொடி மறைக்குள் சிக்கிக்கொள்ளாதிருக்கவே இந்த முன்னும் பின்னும். கால் மணிநேரத்தில் நட்டு முழுதாகக் கையில் வந்தது.

நாம் அறுத்த தண்டை எடுத்த விதமும் சொல்லத் தக்கதே. வெளியே மூன்று மில்லிமீட்டர் நீட்டிக்கொண்டிருந்ததால், அதன்மேல் ஒரு நட்டை வைத்து, நட்டின் துளைக்குள் வெல்டிங் வைத்துத் தண்டோடு இணைத்தார்கள். அந்த வெல்டிங் சூடே தண்டின் துருவை உடைத்துவிட்டது. ஆறியபின் அந்தப் புது நட்டைத் திருப்ப, தண்டு வெளிவந்தது. மட்டத்தோடு அறுந்திருந்தால், நடுவில் குறியிட்டுத் துளைபோட்டு எடுக்க வேண்டும். துளைக்குள் இறக்கி இடப்புறம் திருப்பும் கருவி ஒன்று உண்டு. அது மிகக் கடினமான எஃகு. அவசரப்பட்டால் உள்ளேயே ஒடிந்துவிடும். ஒடிந்தால் சாதாரணத் துளையூசி அதன்மேல் ஏறாது. எனவே அந்நிலையில் லேத் பட்டறைக்குக் கொண்டுபோவதே அறிவுடைமை.

இன்னும் இரண்டு குறிப்புகள். ஜப்பானிய வண்டிகளும், அவர்களோடு கூட்டாக 1980களிலிருந்து இந்நாட்டில் செய்யப்பட்ட வண்டிகளும் கூட்டல்குறித் திருகாணிகள் கொண்டவை. அவற்றின் பள்ளம், நாம் கடையில் வாங்கும் பிலிப்ஸ் வகைத் திருப்புளிக்கு முற்றும் பொருந்துவதன்று; ஜப்பானிய அளவில் செய்த திருப்புளி தனியே உண்டு. பொருந்தாத முனை மேலேறி வழுக்கிப் பள்ளத்தைச் சிதைத்துவிடும். திருகாணித் தலையில் ஒற்றைப் புள்ளி இருந்தால் பெரும்பாலும் அது ஜப்பானிய வகையே. இறுகியிருந்தால், சுத்தியலால் தட்டத் தட்டத் தானே திரும்பும் இம்பாக்ட் திருப்புளி கைகொடுக்கும். மற்றொன்று, எல்லா மறையும் இடப்புறம் திருப்பினால் கழலும் என்பதில்லை. சைக்கிளின் இடப்பக்கப் பெடல் எதிர்மறை கொண்டது. சில வண்டிகளின் வலப்பக்கக் கண்ணாடியும் அப்படியே. பின்பக்கமிருந்து பார்த்துத் திருப்பும்போதும் திசை மாறித் தோன்றும். கழற்றுவதாக எண்ணி முடுக்கி அறுத்தவர் பலர்.

வருமுன் காப்பதே எல்லாவற்றிலும் சிறந்தது. புதிய தண்டுகளில் செம்புப் பொடி கலந்த பசையைத் தடவி, இரும்பு நட்டிற்குப் பதிலாகப் பித்தளை நட்டை மாட்டினார் பாய். பித்தளை இரும்போடு துருவேறி ஒட்டாது. ஆனால் எல்லாப் போல்ட்டிலும் எண்ணெய் தடவிவிடலாகாது. உராய்வு குறைந்தால் அதே முடுக்கு மிகையாகித் தண்டை நீட்டிவிடும். வண்டியின் கைநூல் என்ன சொல்கிறதோ அதன்படி செய்க. கடலோரத்தில் வாழ்வோர் வாரம் ஒருமுறையேனும் நல்ல தண்ணீரால் வண்டியைக் கழுவுக. எஞ்சின் ஆறியபின் கழுவுக.

புதன் மாலை மீன் வியாபாரி பட்டறைக்கு வந்தார். புதிய சைலன்சர் மாட்டிய வண்டியைச் சுற்றிப் பார்த்துவிட்டு மகனிடம், “ஏலே, ஒரு நட்டைக் கழத்தத் தெரியல. மூணு நாள் பொழப்பு போச்சேல” என்றார். பையன் தலையைக் குனிந்துகொண்டு, “நான்தாம்பா அவசரப்பட்டுட்டேன்” என்றான். நமக்குத் திடுக்கிட்டது. குழாயை எடுத்துக் கொடுத்தது யார் என்பதை அவன் வீட்டில் சொல்லவே இல்லை! மூன்று நாள்களும் ஏச்சையெல்லாம் தானே வாங்கிக்கொண்டிருந்திருக்கிறான். பாய் நம்மை ஒருமுறை பார்த்தார். பிறகு கையைத் துடைக்கத் தொடங்கினார். பலர் நிற்கும் இடம். நாம் வாய் திறக்கவில்லை. வெட்கத்தோடு இதை எழுதுகிறோம்.

அன்றிரவு நமக்கு உறக்கம் பிடிக்கவில்லை. வைகறையில் ஏலம் நடக்கும் மணற்கரைக்குப் போனோம். பெட்டியில் பனிக்கட்டி பரப்பிக்கொண்டிருந்தவரிடம், குழாயைக் கொடுத்ததும் இழுக்கச் சொன்னதும் நாமே என்று சொன்னோம். வெல்டிங் கூலியையும் கொடுக்க முன்வந்தோம். அவர் பணத்தை வாங்கவில்லை. சிறிது நேரம் பேசவும் இல்லை. பின், “அவன் ஒரு வார்த்தை சொல்லலையே சாமி. அப்ப, சும்மா போட்டு அவனை ஏசிட்டேனே” என்றார். அன்று அவர் வழக்கமான நேரத்துக்கு ஊர்களுக்குக் கிளம்பவில்லை. பெட்டியைக் கட்டியதும் வண்டியை முதலில் வீட்டுப் பக்கம் திருப்பினார்.

வண்டியின் செயினை மாற்ற வேண்டியிருக்கிறது. அதற்குப் பின்சக்கர அச்சு நட்டைக் கழற்ற வேண்டும். உப்புநீர் நேரே சொட்டும் இடம் அதுதான். அந்த வேலையை மகனிடமே விட்டிருக்கிறார் தகப்பனார். பையன் வருகிற ஞாயிற்றுக்கு நாள் குறித்திருக்கிறான். பிரேக் பக்கம் சொட்டாதபடி துணி சுற்றி, வியாழன் மாலையிலிருந்தே இரண்டிரண்டு சொட்டு எண்ணெய் விட்டுவருகிறான். நேற்று வந்து மெழுகுவத்தித் துண்டு ஒன்று கேட்டு வாங்கிப் போனான். குழாய்த் துண்டு எங்கே சாமி என்று சிரித்துக்கொண்டே கேட்டான். அவரைப் பந்தலுக்குக் காலாக ஊன்றிவிட்டோம் என்றோம்.